எட்டு போர்ட் போதும், தெருவே திருவிழா!

ஆவடியில் இருந்து பூந்தமல்லி வரைக்கும் யார் வந்து, "கிறிஸ்துமஸுக்கு வீட்டு லைட்டைப் பாட்டுக்கு ஆட விடணும்னு ஆசை, எந்த சைஸ் கன்ட்ரோலர் வாங்கலாம்?" என்று கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: எட்டு போர்ட். அதற்கு மேலே போகாதீர்கள், அதற்குக் கீழேயும் இறங்காதீர்கள். இதைச் சொல்லும்போதே எனக்குக் குரல் ஏறிவிடும். உள்ளேயிருந்து வீட்டம்மா, "ஆரம்பிச்சிட்டாரு. டீயைக் குடிச்சிட்டுப் பேசச் சொல்லுங்க" என்பார். டீ ஆறினால் ஆறட்டும், சூடு பண்ணிக்கொள்ளலாம். டிசம்பர் வந்துவிட்டால் யாராலும் என் பேச்சை நிறுத்த முடியாது!

முதல் முறையாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் பல்பில்தான் கண் வைக்கிறார்கள். எத்தனை பல்பு, என்ன கலர், சரம் என்ன விலை என்று விசாரிப்பார்கள். கன்ட்ரோலரைக் கடைசியில், மிச்சமிருக்கும் காசுக்கு எது வருகிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளி வைப்பார்கள். நான் சொல்வது, அதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் அளவு முடிவாகிவிட்டால் ஒயர் எங்கே ஓடும், கரண்ட் எங்கிருந்து வரும், எந்த ஜன்னல் எப்போது மின்னும் எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

பிக்சல் என்கிற அற்புதம்

பழைய சீரியல் செட்டில் ஒரு சரத்துக்கு ஒரே புத்திதான். எரிந்தால் மொத்தமும் எரியும், அணைந்தால் மொத்தமும் அணையும். இப்போது வருகிற பிக்சல் பல்பில் ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு சின்ன ஐசி இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது டபிள்யூஎஸ் 2811 வகை. ஆட்காட்டி விரல் நுனி அளவுக்கு ஒரு புல்லட், மழை புகாமல் பிசின் ஊற்றி அடைத்தது, 50 பல்பு கொண்ட சரமாக வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒவ்வொரு பல்பிலும் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். ஆக, ஒரே பல்பில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள்!

இத்தனை பல்புக்கும் கட்டளை போவது கன்ட்ரோலரின் ஒரு போர்ட்டிலிருந்து புறப்படும் ஒரே ஒரு டேட்டா ஒயரில். பந்தியில் லட்டுத் தட்டைக் கைமாற்றி விடுவதைப் பார்த்திருப்பீர்களே, முதல் ஆள் தன் லட்டை எடுத்துக்கொண்டு தட்டை அடுத்தவரிடம் தள்ளுவார். அதே கதைதான். முதல் பல்பு தனக்கு வந்த 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த பல்புக்கு அனுப்பிவிடும். கடைசி பல்பு வரை இப்படியே போகும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம். டேட்டா ஒயரில் நொடிக்கு 8 லட்சம் பிட் ஓடுகிறது. அப்படியானால் ஒரு பல்புக்கு 30 மைக்ரோ நொடி ஆகும். அசைவு கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு தெரிய நொடிக்கு 40 படம் மாற்றினால், ஒரு படத்துக்கு 25 மில்லி நொடிதான் நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு போர்ட்டில் 833 பல்பு வரை ஓட்டலாம். கொஞ்சம் இடம் விட்டு 800 என்று வைத்துக்கொள்வார்கள். நொடிக்கு 20 படம் போதும் என்றால் அதுவே 1600.

அரை கிரவுண்டு வீடு, 778 பல்பு

இனி என் வீட்டுக்கு வாருங்கள். அரை கிரவுண்டு மனை, முப்பதுக்கு நாற்பது, மேலே ஒரு மாடி. ஆவடி, திருமுல்லைவாயல், பட்டாபிராம் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கும். அடிக்கு நாலு பல்பு என்று வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் 30 அடி, 120 பல்பு. பால்கனி சன்ஷேடு 20 அடி, 80 பல்பு. முன்பக்கம் இரண்டு ஜன்னல், ஒவ்வொன்றும் நாலுக்கு நாலு, சுற்றிலும் கட்டினால் இரண்டுக்கும் 128. கேட்டும் காம்பவுண்டுச் சுவரும் 25 அடி, 100 பல்பு. மாடியில் நிற்கும் ஸ்டாருக்கு மூன்று சரம், 150. வாசலோரத் தென்னைக்கு அடியிலிருந்து சுற்றி ஏற 150. வீட்டம்மா கேழ்வரகு முளைக்கப்போட்டு, வைக்கோல் வேய்ந்து வைக்கிற குடிலுக்கு ஒரு சரம், 50. கூட்டினால் 778.

கவனித்தீர்களா? 778 என்பது 800க்குள் வந்துவிட்டது. கணக்குப்படி ஒரே ஒரு போர்ட் போதும்! மொத்த வீட்டையும் ஒற்றை டேட்டா ஒயர் ஆட்டிவிடும். அப்புறம் நான் ஏன் எட்டு போர்ட், எட்டு போர்ட் என்று குதிக்கிறேன்?

வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், புரிந்துவிடும். கைப்பிடிச்சுவரின் கடைசி பல்பு மேலே வலது மூலையில் முடிகிறது. அடுத்து ஜன்னலுக்கு இறங்க வேண்டும். ஜன்னலிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து மறுபடி மாடி ஸ்டாருக்கு. பல்பே இல்லாத வெற்று ஒயர் சுவரெங்கும் கோடு கோடாகத் தொங்கும். ஐந்து வோல்ட் டேட்டா சிக்னலுக்கு அத்தனை நீளமான வெற்று ஒயர் ஒத்துவராது, பல்புகள் கண்டபடி மினுக்க ஆரம்பித்துவிடும். வீடு என்ன பேப்பரா, ஒரே கோட்டில் இழுப்பதற்கு?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வரிசையில் ஒரு பல்பு செத்தால், லட்டுத் தட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் எதற்கும் கட்டளை போகாது. ஒரே போர்ட்டில் 778 பல்பும் இருந்து, பதினைந்தாவது பல்பை ஓர் அணில் கடித்துவிட்டால் கிறிஸ்துமஸ் ராத்திரி வீடே இருட்டு. தனித்தனி போர்ட் என்றால் போவது ஒரு ஜன்னல், அல்லது தென்னை. மீதி ஆட்டம் ஜோராக நடக்கும். தெருவில் நிற்கும் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, ஃபியூஸ். நல்ல போர்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ஃபியூஸ் உண்டு, பெரும்பாலும் 5 ஆம்பியர். ஐந்து வோல்ட் பிக்சல் முழு வெள்ளையில் எரிந்தால் பல்புக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 150 பல்பு ஸ்டார் அப்படி எரிந்தால் 9 ஆம்பியர், ஃபியூஸ் தாங்காது. ஆனால் பிரைட்னஸை 40 சதவீதத்தில் நிறுத்தினால் 3.6 ஆம்பியர்தான். 40 சதவீதமே இருட்டில் கண்ணைப் பறிக்கும். முழு வெளிச்சத்தில் விட்டால் எதிர்வீட்டு மாமா தூங்க முடியாது, போர்வையோடு நம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆகவே என் மந்திரம் இதுதான்: பல்பை எண்ணாதீர்கள், இடத்தை எண்ணுங்கள். வீட்டில் எத்தனை தனித்தனி இடத்தில் வெளிச்சம் வேண்டும்? எனக்கு ஏழு. ஏழுக்கு அடுத்து கடையில் கிடைக்கும் அளவு எட்டு. கைவசம் ஒன்று காலி. கச்சிதம்!

சின்னதும் பெரியதும்

எங்கள் ஊர் சி.டி.எச் ரோட்டில் சாயங்காலம் நடந்து போனால் ஜவுளிக்கடை, நகைக்கடை போர்டுகளில் லைட் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பின்னாலும் இதே பிக்சல்தான். பெரும்பாலும் டி-1000எஸ் மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதில் எஸ்டி கார்டு. லெட்எடிட் என்ற மென்பொருளில் டிசைனைச் செய்து கார்டில் ஏற்றிச் செருகினால் ராத்திரி முழுக்க ஓடும். 2048 பிக்சல் வரை தாங்கும், ஒரே போர்ட். அதன் அண்ணன் டி-8000க்கு எட்டு போர்ட். போர்டுக் கடைக்காரர்களுக்கு இது தங்கம். ஆனால் பாட்டோடு நொடி பிசகாமல் சேர்ந்து ஆட வேண்டும் என்கிற நம்ம ஆசைக்கு இது செய்யப்பட்டதில்லை.

அடுத்து ஈஎஸ்பி 32. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐந்நூறு ரூபாய் வாக்கில் கிடைக்கும் குட்டி போர்டு. டபிள்யூ-எல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் செல்போனிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எஃபெக்ட் காட்டும். இதன் மேல் எனக்கு அளவில்லாத பிரியம். பால்கனி ஒன்றை மட்டும் அலங்கரிக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஒன்றே ஒன்று, ஈஎஸ்பியின் சிக்னல் 3.3 வோல்ட், பல்பு எதிர்பார்ப்பது ஐந்து. நடுவில் ஒரு லெவல் ஷிப்டர் ஐசி போட்டுக்கொள்ளுங்கள். முழு வீட்டை வைஃபையில் பாட்டோடு ஓட்டும்போது மட்டும் அங்கங்கே திக்கும். தெருவில் எல்லோர் வீட்டு வைஃபையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற இடத்தில் அதை நம்ப முடியாது.

மேலே போனால் அமெரிக்காவின் ஃபால்கன், கல்ப் நிறுவனங்களின் 16 போர்ட், 32 போர்ட், 48 போர்ட் ராட்சசர்கள். போட்டோவைப் பார்த்தாலே வாயில் ஜொள்ளு. ஆனால் அவை ஏக்கர் கணக்கில் புல்வெளியும் சரிவான கூரையும் வைத்திருப்பவர்களுக்கு. அரை கிரவுண்டில் 48 போர்ட்டை வாங்கி வைத்தால் 41 வாய் நம்மைப் பார்த்து இளிக்கும். கப்பல் செலவு, கஸ்டம்ஸ் டியூட்டி எல்லாம் தனி.

என்னிடம் இருப்பது ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் மேலேயே பொருந்தி உட்காரும் எட்டு போர்ட் போர்டு. பையில் ஃபால்கன் பிளேயர் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது, எஃப்பிபி என்பார்கள். பாட்டு, லைட் இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து புறப்படுவதால் ஒன்றை விட்டு ஒன்று பிந்தாது. வைஃபை வேண்டாம், வேறு கம்ப்யூட்டர் வேண்டாம். மாலை ஆறரைக்குத் தானே எழுந்து பத்துக்குத் தானே படுத்துக்கொள்ளும். என்னைவிட ஒழுக்கமான ஜீவன்.

செம்பு உருளையின் பேரப்பிள்ளை

லைட்டை ஆட விடும் இந்த மோகம் இன்று நேற்று வந்ததில்லை. முதன்முதலாக மின்விளக்கு எரிந்த கிறிஸ்துமஸ் மரமே ஆடிய மரம்தான்! 1882 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டில் 80 பல்பு கட்டினார். சிவப்பு, வெள்ளை, நீலம். மரம் சுழலச் சுழல, அடியில் இருந்த செம்புப் பட்டைகள் இணைப்பை மாற்றி மாற்றிக் கொடுக்க, நிறங்கள் மாறி மாறி எரிந்தன. அந்தச் செம்புப் பட்டைதான் உலகின் முதல் கிறிஸ்துமஸ் லைட் கன்ட்ரோலர்.

அதே செம்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோயில் திருவிழாவில் இருபது அடி உயர சீரியல் செட் போர்டில் மயில் தோகை விரிக்கும், அருவி கொட்டும். சின்ன வயதில் நான் போர்டின் முன்பக்கம் நின்றதே இல்லை, பின்பக்கம்தான் குடியிருப்பேன். அங்கே ஒரு மர உருளை, அதன் மேல் அளந்து வெட்டி அடித்த செம்புத் தகடுகள், உரசிக்கொண்டு நிற்கும் தொடு கம்பிகள், ஒரு சின்ன மோட்டார். உருளை சுற்றும்போது பொறி பறக்கும், ஓசோன் வாசனை மூக்கில் ஏறும். "எத்தனை கம்பிண்ணே?" என்று சீரியல் செட் அண்ணனிடம் கேட்டால், "மயிலுக்கு எத்தனை அசைவு வேணுமோ அத்தனை கம்பி. பல்பு எத்தனை வேணா போட்டுக்கலாம்டா" என்பார். இன்றைக்கு நான் சொல்லும் மந்திரத்தை அவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

இலங்கையில் வெசாக் நாளில் எழும்பும் பிரம்மாண்டமான தோரணங்களில் புத்தரின் கதைகளைச் சுற்றி ஓடும் வெளிச்சத்துக்கும் இதே உருளைதான். வங்காளத்தில் சந்தன்நகர் ஜகத்தாத்ரி பூஜை ஊர்வலத்துக்கும் இதுவே. அந்த ஊர் விளக்குக் கலையை வெளியுலகுக்குக் கொண்டுபோன ஸ்ரீதர் தாஸ் போன்றவர்கள், கம்ப்யூட்டர் வரும் முன்பே மரமும் தகரமும் குட்டிப் பல்பும் வைத்துக்கொண்டு விலங்கு, பறவை, ரயில் எல்லாவற்றையும் ஓட விட்டவர்கள்.

இந்தக் காலத்துப் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் மேசன் நகரத்து எலக்ட்ரிகல் இன்ஜினீயர் கார்சன் வில்லியம்ஸ். 2004 கிறிஸ்துமஸுக்கு 16,000 பல்பை டிரான்ஸ்-சைபீரியன் ஆர்கெஸ்ட்ராவின் இசைக்கு ஆட விட்டார், அந்த வீடியோ அடுத்த வருஷம் உலகம் சுற்றியது. வரிசைப்படுத்த அவருக்குச் சுமார் இரண்டு மாதம் பிடித்தது. அவர் கையில் இருந்தது 88 சேனல். 16,000 பல்பு, ஆனால் தனித்து ஆடத் தெரிந்த கூட்டம் 88தான். என் வீட்டில் 778 பல்பு, பல்புக்கு மூன்று நிறம், மொத்தம் 2,334 சேனல்! ஆவடியில் ஒரு சாதாரணன் வீட்டு பால்கனியில், ஒரு டிபன் டப்பா அளவுப் பெட்டிக்குள். சொல்லும்போதே சிலிர்க்கிறது.

காசு செலவில்லாமல் முடிவெடுங்கள்

எந்த சைஸ் என்பதை ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல் பார்த்துவிடலாம் என்பதுதான் இதில் பேரானந்தம். எக்ஸ்லைட்ஸ் என்று ஒரு மென்பொருள், முற்றிலும் இலவசம். வீட்டின் போட்டோவை அதில் ஏற்றி, அதன் மேலேயே கைப்பிடிச்சுவருக்கு ஒரு கோடு, ஜன்னலுக்கு ஒரு சட்டம், மாடியில் ஒரு ஸ்டார் என்று வரைந்துகொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் எத்தனை பல்பு என்று சொன்னால் போதும். அதிலேயே கன்ட்ரோலருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. போர்ட் 1, போர்ட் 2 என்று வரிசையாகக் கட்டம் நிற்கும், வரைந்ததை இழுத்து ஒவ்வொரு கட்டத்திலும் விட வேண்டியதுதான். ஒரு போர்ட்டில் அளவுக்கு மீறி ஏற்றினால் அதுவே கத்திவிடும்.

நான்கு போர்ட் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து இழுத்துப் பாருங்கள், ஸ்டாரும் தென்னையும் ஒரே கட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பதினாறைத் தேர்ந்தெடுங்கள், பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். எட்டைத் தேர்ந்தெடுங்கள், ஆஹா! அந்தத் திரையைப் பார்த்தபடி சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்த மனுஷன் நான். பாட்டைப் போட்டு பிளே பட்டனைத் தட்டினால் போட்டோவில் நம் வீடே ஆடும். ஒரு பல்பு வாங்கும் முன்பே!

ரிச்சி ஸ்ட்ரீட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டும்

ஆவடியில் இருப்பவனுக்கு இந்த வேலையில் இருக்கிற வசதி வேறு எந்த ஊர்க்காரனுக்கும் கிடையாது என்பேன். லோக்கல் ட்ரெயின் ஏறினால் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் எட்டிவிடும் தூரம். எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை, மூன்று பின் வாட்டர்ப்ரூஃப் கனெக்டர், ஃபியூஸ், சிலிக்கோன் ஒயர் எல்லாம் நடந்தபடியே வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு. 778 பல்பும் முழு வெள்ளையில் எரிந்தால் கிட்டத்தட்ட 47 ஆம்பியர். 5 வோல்ட், 60 ஆம்பியர் என்று 300 வாட்டில் கிடைக்கும். எதையும் எண்பது சதவீதத்துக்கு மேல் பிழியக் கூடாது. அறுபதில் எண்பது சதவீதம் 48. பொருத்தம் பார்த்து முடித்த கல்யாணம்!

சரம் நீண்டால் கடைசியில் வோல்டேஜ் இறங்கும், வெள்ளை கேட்டால் மஞ்சளும் சிவப்பும் கலந்து அழுது வடியும். ஸ்டாரிலும் தென்னையிலும் சரங்களின் நடுவில் இன்னொரு ஜோடி கரண்ட் ஒயரைக் கொடுத்துவிட்டால் முகம் தெளிந்துவிடும்.

இந்தப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். ஸ்டார் வரைந்த காகிதத்தை நீட்டினால் ஏசிபி ஷீட்டில் 12 மில்லிமீட்டர் ஓட்டை வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கடை போர்டு செய்கிறவர்களுக்கு இது தினசரி வேலை. ஓட்டையில் பல்பைப் பின்னாலிருந்து அழுத்தினால் 'டக்' என்று போய் உட்காரும். நூற்றைம்பது 'டக்'. அந்தச் சத்தத்தில் இருக்கிற சுகத்தை எழுதிக் காட்ட முடியாது. மூங்கில் குச்சியும் கலர்ப் பேப்பரும் மைதா பசையும் வைத்து ஸ்டார் செய்த கை இது, எல்லாக் காலத்து ஸ்டாரும் அதற்குப் பிடிக்கும்.

எங்கள் தெருவிலேயே டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். கிரிம்பிங் கருவியை அவர் பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். "தம்பி, முறுக்கி டேப் சுத்துறதெல்லாம் வேலையே இல்ல. லக்கு போடு" என்று ஒவ்வொரு முனையையும் தானே வாங்கி அழுத்திக் கொடுத்தார். பீரங்கிக்குப் போட்ட அதே கவனம் எங்கள் குடிலுக்கும் கிடைத்தது.

டிசம்பர் மழைக்கு முன்னால்

நம்ம ஊர் கிறிஸ்துமஸில் பனி கிடையாது, மழை உண்டு. 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். இந்த ஊரில் டிசம்பர் என்றால் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கன்ட்ரோலர் பெட்டியைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். எங்கள் பெட்டி முதல் மாடி பால்கனியில், சன்ஷேடுக்கு உள்ளே, சுவரில். மேலே நாலு போர்ட், கீழே மூன்று போர்ட் என்று ஒயர் இரு பக்கமும் குறைந்த நீளத்திலேயே போய்விடுகிறது. எட்டு போர்ட்டின் நடுநாயக இடமே அதுதான்.

ரப்பர் வளையம் வைத்த மூடியோடு ஐபி 65 ஜங்ஷன் பாக்ஸ், ஒயர் நுழையும் ஓட்டைக்கெல்லாம் கிளாண்ட். மழைக்கு மட்டும் இல்லை, பல்லிக்கும் எறும்புக்கும் சேர்த்து! கதகதப்பான பெட்டி என்றால் பல்லி குடும்பத்தோடு வந்துவிடும். ஒயரைப் பெட்டிக்குள் நுழைக்கும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, லைனில் மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பல்புக்குப் போவது ஐந்து வோல்ட்தான், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவது 230. அதில் விளையாட்டு கூடாது. எர்த் ஒயரை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈபி பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். 40 சதவீத வெளிச்சத்தில் எல்லாமே வெள்ளையாக எரிந்தாலும் பல்புகளுக்கு 93 வாட்தான். மூன்றரை மணி நேரம் ஓடினால் நாளைக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. பழைய சீரியல் பல்பு காலத்தில் இத்தனை பல்பு எரித்திருந்தால் மீட்டர் பம்பரமாகியிருக்கும்.

பட்டனை அமுக்கு

கேட் தூணில் ஒரு காலிங்பெல் பட்டன் வைத்திருக்கிறேன். அதன் ஒயர் ராஸ்பெரி பையின் பின்னுக்குப் போகிறது. அமுக்கினால் பாட்டு ஆரம்பம். ட்யூஷன் முடிந்து போகிற பிள்ளைகள் யார் அமுக்குவது என்று சண்டை போட்டு, வரிசை கட்டி, "நேத்து நீ அமுக்குன, இன்னிக்கு நான்" என்று பஞ்சாயத்து பண்ணிக்கொள்கிறார்கள். பட்டன் அமுங்கியதும் வீடு ஒரு கணம் முழுக்க அணையும். முதல் தாளத்துக்குக் குடில் மட்டும் பொன்னிறம். அடுத்த தாளத்துக்குத் தென்னையின் அடியில் ஒரு பச்சை வளையம் பிறந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, உச்சியைத் தொட்டதும் கைப்பிடிச்சுவரில் இடமிருந்து வலமாக வெள்ளை பாய்ந்து ஓடுகிறது, அங்கிருந்து தாவி ஸ்டார் வெடிக்கிறது! இந்தத் தாவல் ஒவ்வொன்றும் ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்கு. பார்க்கிற பிள்ளைக்கு அது தெரிய வேண்டாம், "ஐய்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், எனக்கு அது போதும்.

சர்ச் இளைஞர்கள் கேரல் ரவுண்ட்ஸ் வந்த இரவில் கிறிஸ்துமஸ் தாத்தா எங்கள் கேட்டில் ஆடியதைப் போல் வேறெங்கும் ஆடியிருக்க மாட்டார். டிரம் அடிக்கிற பையன் லைட்டைப் பார்த்து அடிக்கிறான், லைட் பாட்டைப் பார்த்து அடிக்கிறது, முகமூடிக்குள் தாத்தாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பிளம் கேக் தட்டோடு வந்த வீட்டம்மாவே காலைத் தட்டினார்!

அமெரிக்காவில் வீட்டு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்து, காரில் உட்கார்ந்தபடி ரேடியோவில் பாட்டைக் கேட்க விடுவார்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் எஃப்எம் அனுப்புவது சட்டப்படி கூடாது, அந்த ஆசை வேண்டாம். பால்கனியில் அடக்கமான ஸ்பீக்கர் போதும். இரவு பத்து மணிக்கு ஒலி நிற்க வேண்டும் என்பதும் சட்டம்தான். கன்ட்ரோலரிலேயே நேரத்தைப் போட்டுவிட்டால் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

வளரும் ஆசைக்கும் இடம் உண்டு

"அடுத்த வருஷம் பெருசா பண்ணணும்னா எட்டு பத்தாதே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி! எட்டு போர்ட் வீணாகவே போகாது. இன்னொரு கன்ட்ரோலர் வாங்கி நெட்வொர்க் கேபிளில் இணைத்தால் பழையது தலைவன், புதியது தொண்டன். எஃப்பிபி இரண்டையும் ஒரே தாளத்தில் பிடித்துக்கொள்ளும். தூரத்தில் பல்பு வேண்டுமென்றால் நாலு போர்ட் ரிசீவர் போர்டுகள் கிடைக்கின்றன, லேன் கேபிளிலேயே சிக்னல் போகும், சாதாரண டேட்டா ஒயர் மாதிரி சில அடியிலேயே திணறாது.

எனக்கு மாடியில் மெகா ட்ரீ மேல் கண். நடுவில் ஒரு குழாய், உச்சியிலிருந்து அரைவட்டமாக இறங்கும் 16 சரம், சரத்துக்கு 50, ஆக 800 பல்பு. அதில் படம் காட்டலாம், எழுத்து ஓட விடலாம். நாலு போர்ட்டாகப் பிரித்து 200, 200 என்று கொடுத்தால் ரிசீவர் ஒன்றே போதும். வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நீங்கள் முதல் வருஷக்காரர் என்றால் அதற்குள் போகவே வேண்டாம். எட்டு போர்ட், ஐந்தாறு இடம், இரண்டு பாட்டு. ஆடி மாதம் வரைந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டி, கார்த்திகையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தீபத்துக்கும் ஆகும், பொங்கல் வரை வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: எதிர்வீட்டு மாடிக்குப் போய், நல்ல பகல் வெளிச்சத்தில், கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை முழுசாக விழும்படி உங்கள் வீட்டை ஒரு போட்டோ எடுங்கள். டேப்பால் கைப்பிடிச்சுவரை அளந்து அந்தப் போட்டோ மேல் குறித்துவையுங்கள். அப்புறம் எத்தனை இடம் என்று எண்ணி எனக்கு ஒரு குரல் கொடுங்கள், டீ என் செலவு!